ஓடியவர் யார்? உடையவர் யார்?

வீட்டில் ஒருவருக்குத் தீராத வியாதி வந்துவிட்டால் மற்றவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்க மனம் வருவதில்லை. ஏதாவது செய்தாக வேண்டுமென்று கையும் காலும் பரபரக்கும். இது மனித சுபாவம். இதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் பரபரப்பைக் காசாக்கிக்கொள்ள எக்காலத்திலும் எத்தேசத்திலும் ஒரு கூட்டம் காத்துக்கொண்டே இருந்து வந்திருக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தோம். நம் நாட்டில் பிள்ளைக்கு நோய் என்றால் தாய் மண்சோறு தின்கிறாள். தகப்பன் அலகு குத்திக்கொள்ளுகிறான். மாமன் அங்கப்பிரதட்சணம் செய்து முதுகைத் தேய்த்துக்கொள்ளுகிறான். போர்த்துக்கல் தேசத்தில் பாத்திமா என்னும் ஊரிலே கிறிஸ்தவர்கள் முழங்காலாலேயே ஊர்ந்துபோய் வேண்டுதல் செலுத்துகிறார்கள். ஆகவே இது ஒரு மதத்துக்கு மாத்திரம் சொந்தமான சங்கதி அல்ல.

நாம் கேட்பது ஒரே கேள்விதான். ஒருவன் தன் உடம்பை வருத்திக்கொண்டால் இன்னொருவன் உடம்பிலிருக்கும் வியாதி எதற்காகக் குணமாக வேண்டும்? தகப்பன் கன்னத்தில் குத்திய வேல் பிள்ளையின் நுரையீரலுக்கு எந்த வழியாகப் போய்ச் சேருகிறது? தாயின் முழங்கால் ரத்தத்தைப் பார்த்தால்தான் மனமிரங்குவேன் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பாரேயானால், அவரைக் கடவுள் என்று சொல்லுவதா, வேறென்ன சொல்லுவது என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

நிற்க. சென்ற நாற்பது வருஷ காலத்துக்குள் மேல்நாடுகளில் வேறொரு வழக்கம் ஏற்பட்டுப் பலமாகப் பரவியிருக்கிறது. தீராத நோயுள்ள மகளுக்காகவோ, தம்பிக்காகவோ, தாய்க்காகவோ ஒருவர் மாரத்தான் ஓட்டம் ஓடுகிறார். மாரத்தான் என்பது 26 மைல் 385 கெஜம், அதாவது 42 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான தூரம். ஓடுவதற்கு முன்பே அவர் தம் பந்துக்களிடமும், சிநேகிதர்களிடமும், உடன் வேலை செய்பவர்களிடமும் போய், "இன்னாருக்கு இன்ன நோய், அதற்காக ஓடப்போகிறேன், உங்களால் ஆனதைக் கொடுங்கள்" என்று கேட்கிறார். சேர்ந்த பணம் அந்த நோயின் ஆராய்ச்சிக்கோ சிகிச்சைக்கோ ஏற்பட்ட சங்கத்துக்குப் போகிறது. 1988-ஆம் ஆண்டில் புரூஸ் கிளீலண்ட் என்பவர், ரத்தப்புற்று நோய் கண்டு பிழைத்த தம் மகளைக் கௌரவிக்க வேண்டி, 38 பேரைச் சேர்த்துக்கொண்டு நியூயார்க் மாரத்தானில் ஓடினார். அந்த 38 பேரும் சேர்த்த தொகை 3,22,000 டாலர். 1981-இல் தொடங்கிய லண்டன் மாரத்தானில் 2024-இல் ஒரே ஓட்டத்தின் பேரால் தர்ம காரியங்களுக்குச் சேர்ந்த தொகை 7 கோடி பவுனுக்கு மேல்.

இங்கே ஒரு பக்தர் குறுக்கிட்டு, "அலகு குத்தினால் மூடத்தனம், ஓடினால் அறிவோ? இரண்டிலும் உடம்பைத்தானே வருத்துகிறார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சொல்லுகிறோம். ஓடுகிறவன் காலில் கிளம்பும் கொப்புளத்தால் ஒரு நோயும் தீராது. காசு சேர்க்காமல், "நான் ஓடினால் என் மகள் பிழைப்பாள்" என்று மாத்திரம் நினைத்து ஒருவன் 26 மைல் ஓடினால், அவனுக்கும் காவடி தூக்குகிறவனுக்கும் எள்ளளவும் வித்தியாசமில்லை. மாரத்தான் போர்க்களத்திலிருந்து ஏதென்சுக்கு ஓடி வெற்றிச் செய்தி சொல்லி விழுந்து செத்த வீரன் கதைகூடப் பிற்காலத்தார் கட்டியதே. அந்தப் போரைப்பற்றி எழுதிய பழைய சரித்திரக்காரர் ஹிரோடோட்டஸ் அப்படியொன்றும் சொல்லவில்லை. ஆகவே ஓடி விழுவதில் புண்ணியமும் இல்லை, மகிமையும் இல்லை. வித்தியாசமெல்லாம் கணக்கில் இருக்கிறது. உண்டியலில் போட்ட காசுக்குக் கணக்குக் கேட்டால் பாவம் என்கிறார்கள். இங்கேயோ கணக்குக் கேட்காவிட்டால்தான் பாவம். அந்தக் கணக்கைத்தான் இன்று கொஞ்சம் புரட்டிப் பார்க்கப்போகிறோம்.

அதற்கு முன் இன்னொரு வார்த்தை. நோயாளியைக் கௌரவிக்க ஓடுகிறேன் என்கிறவர், அந்த நோயாளியை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் படத்தைச் சட்டையில் அச்சடித்து, மூக்கில் குழாயோடு ஊரெங்கும் காட்டி, "ஐயோ பாவம்" என்ற சத்தத்தைக் கிளப்பிக் காசு பறிப்பது கௌரவம் அல்ல. நோயாளி பிச்சைப் பாத்திரம் அல்ல. அவரும் மானமுள்ள மனிதர். அவருக்கு எது வேண்டும், மருந்தா, படிப்பா, வேலையா என்று அவரே சொல்லட்டும்.

உப்புக் கரிக்கும் குழந்தை

கணக்குப் பார்ப்பதற்கு ஒரு நோயை எடுத்துக்கொள்ளுவோம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது அதன் பெயர். இந்நோய் உள்ள குழந்தையின் நுரையீரலில் சளி கோந்துபோல் கெட்டியாகிக் கிருமிகள் குடியேறும். கணையத்தின் வழி அடைபட்டுத் தின்ற சோறு உடம்பில் ஒட்டாது. வியர்வை மாத்திரம் அளவுக்குமேல் உப்பாக இருக்கும். ஐரோப்பாவில் பழங்காலத்து ஜனங்கள், நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தைக்குச் சூனியம் பிடித்திருக்கிறது, அது சீக்கிரம் செத்துப்போகும் என்று சொல்லிவந்தார்கள். குழந்தை செத்தது வாஸ்தவம். சூனியம் என்றது பொய். அந்தப் பொய்யால் எத்தனை நூறு வருஷம் வீணாயிற்று!

1938-இல் டாரதி ஆண்டர்சன் என்ற பெண் வைத்தியர், செத்த குழந்தைகளின் உடலைச் சோதித்து இதைத் தனி நோயாக விவரித்து எழுதினார். 1948-இல் நியூயார்க்கில் கடும் வெயில் அடித்தபோது இந்நோயுள்ள குழந்தைகள் பலர் உடம்பில் நீர் வற்றி மயங்கி விழுந்ததைக் கண்ட சான்ட் ஆக்னீஸ் என்ற வைத்தியர், அவர்கள் வியர்வையைச் சோதித்து உப்பு மிகுதியை நிரூபித்து 1953-இல் வெளியிட்டார். சூனியம் என்று சொல்லப்பட்ட அதே உப்பு, இன்று நோயைக் கண்டுபிடிக்கும் பரீட்சையாக இருக்கிறது. 1989-இல் காரணமும் அகப்பட்டது. உடம்பின் உயிரணுக்களிலே உப்பின் போக்குவரத்துக்கு ஒரு வாசல் உண்டு. அந்த வாசலைச் செய்யும் மரபணுவில் ஏற்படும் பழுதே இந்நோய். தாய் தகப்பன் இருவரிடமும் அப்பழுது மறைந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு இந்நோய் வர இடமுண்டு. பூர்வஜென்ம பாவமும் இல்லை, கிரகதோஷமும் இல்லை, தெய்வ குற்றமும் இல்லை.

இது வெள்ளைக்காரர் நோய் என்று வெகுகாலம் நம் நாட்டு வைத்தியர்கள் நினைத்திருந்தார்கள். அதனால் இங்கே இந்நோயுள்ள குழந்தைகளைக் காசநோய் என்றும் ஆஸ்துமா என்றும் சொல்லி வைத்தியம் பார்த்து வந்ததுண்டு. அவர்கள் இருந்தார்கள், கணக்கில்தான் இல்லை.

காசு மருந்தானது

1955-இல் அமெரிக்காவில் இந்நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர்கள் கூடி ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தினார்கள். அக்காலத்தில் இப்பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் வயதைக்கூட எட்டுவதில்லை. 1964-இல் இங்கிலாந்திலும் இதேபோல் ஒரு சங்கம் ஏற்பட்டது. அன்றுமுதல் தகப்பன்மார், தாய்மார், அண்ணன் தம்பிகள், அக்காள் தங்கைகள் நடந்தார்கள், ஓடினார்கள், சைக்கிள் மிதித்தார்கள், விருந்து வைத்து உண்டி குலுக்கினார்கள். ஃபிராங்க் டிஃபோர்ட் என்ற பிரபல விளையாட்டுப் பத்திரிகை ஆசிரியர், தம் மகளை 1980-இல் எட்டு வயதில் இந்நோய்க்குப் பறிகொடுத்தார். அவர் "எல்லாம் விதி" என்று மொட்டையடித்துக்கொண்டு மூலையில் உட்காரவில்லை; அமெரிக்க ஸ்தாபனத்தின் தலைவராயிருந்து மற்றவர்கள் பிள்ளைகளுக்காக உழைத்தார்.

இப்படி ஜனங்களிடம் வசூலித்த பணத்திலிருந்து 2000-ஆம் ஆண்டு முதல் அந்த ஸ்தாபனம் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பெனிக்குக் கொடுக்கத் தொடங்கியது. அதைப் பின்னால் வெர்டெக்ஸ் என்ற கம்பெனி வாங்கிக்கொண்டது. ஸ்தாபனம் கொடுத்தது மொத்தத்தில் சுமார் 15 கோடி டாலர். பலன் கிடைத்தது. 2012-இல் முதல் மருந்து வந்தது. 2019-இல் இன்னும் பலமான கூட்டு மருந்து ஒன்று டிரிகாஃப்டா என்ற பெயரில் வந்தது. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது வேலை செய்கிறது. சாவுப் படுக்கையிலிருந்து எழுந்து, சுவாசப்பை மாற்றுச் சிகிச்சைக்கு எழுதிவைத்த பெயரை அடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு.

தோழர்களே! இதுதான் அற்புதம். இதற்கு ஆகாயத்திலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. மனிதன் ஓடினான்; மனிதன் கொடுத்தான்; மனிதன் ஆராய்ந்தான்; மனிதன் பிழைத்தான். ஆயிரம் வருஷத்துப் பிரார்த்தனையால் ஆகாத காரியம் அறுபது வருஷத்து உழைப்பால் ஆயிற்று. இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் நாமும் மாரத்தானுக்கு ஒரு ஜே போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்திருப்போம். முடியவில்லை.

மருந்து சரக்கானது

2012-இல் வந்த முதல் மருந்துக்குக் கம்பெனி வைத்த விலை ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,94,000 டாலர். 2019-இல் வந்த மருந்துக்கு ஆண்டுக்கு 3,11,000 டாலர். அன்றைய மாற்று வீதப்படி நம் பணத்தில் 2 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு தடவை அல்ல. உயிருள்ளமட்டும் வருஷா வருஷம். இந்த மருந்தைச் செய்ய என்ன செலவாகும் என்று 2022-இல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டு வெளியிட்டார்கள்: ஓர் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 5,700 டாலர். அதாவது கேட்கும் விலையில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு!

பணம் கொடுத்த ஸ்தாபனத்துக்கு என்ன கிடைத்தது? மருந்து விற்பனையில் தனக்கு வரவேண்டிய பங்கை 2014-இல் அது 330 கோடி டாலருக்கு விற்றது. அப்பணத்தை மேலும் ஆராய்ச்சிக்கும் நோயாளிகளுக்குமே செலவிடுவதாக ஸ்தாபனத்தார் சொல்லுகிறார்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். ஓடின தகப்பன் எதற்காக ஓடினான்? ஸ்தாபனத்தின் பெட்டி நிரம்பவா, தன் பிள்ளையின் நுரையீரலில் காற்று நிரம்பவா? காசு வாங்கின அன்றே, "மருந்து கண்டுபிடித்தால் ஏழைக்கும் எட்டுகிற விலையில் விற்கவேண்டும்" என்ற நிபந்தனையைப் பலமாகக் கட்டியிருந்தால் பின்னால் நடந்த அலங்கோலம் நடந்திருக்குமா?

என்ன அலங்கோலம் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் இதே கம்பெனியின் ஆர்காம்பி என்ற மருந்து 2015-இல் அனுமதி பெற்றது. கம்பெனி வைத்த விலை ஆண்டுக்கு ஒரு லட்சம் பவுனுக்கு மேல். அவ்வளவு கொடுக்க முடியாது என்றது சர்க்கார் வைத்திய இலாகா. குறைக்க மாட்டோம் என்றது கம்பெனி. 2019 அக்டோபரில்தான் உடன்பாடு ஏற்பட்டது. இடையில் சென்றவை ஏறக்குறைய நாலு வருஷங்கள். மூச்சு முட்டுகிற பிள்ளைக்கு நாலு வருஷம் என்பது என்ன என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாலு வருஷத்திலும் லண்டன் வீதிகளில் தகப்பன்மார் இந்நோயின் பேரால் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். அதே சமயத்தில், தேதி கடந்துபோயிற்றென்று அம்மருந்தில் கிட்டத்தட்ட 8,000 பெட்டிகளைக் கம்பெனி அழித்தது 2019-இல் பார்லிமெண்டுக் கமிட்டியின் விசாரணையில் வெளிவந்தது. பசித்த பிள்ளை வாசலில் நிற்கக் கல்லின் தலையில் பாலைக் கொட்டுகிறவனைப் பார்த்து நாம் கோபிக்கிறோமே, அவனாவது கல்லுக்கு உயிருண்டென்று நம்பிக் கொட்டுகிறான். இவர்கள் எதை நம்பிக் கொட்டினார்கள்?

நம் நாட்டுக் கோயில்களை நினைத்துப் பாருங்கள். மலையிலிருந்து கல் சுமந்தவன் யார்? சாரம் கட்டினவன் யார்? கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அரைத்தவள் யார்? கும்பாபிஷேகம் ஆனதும் அவர்களைப் பார்த்து, "நீ வெளியே நில்" என்றார்கள். மதுரைக் கோயிலுக்குள் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் காலெடுத்து வைக்க 1939-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. இந்த மருந்தின் கதையும் அப்படியே. காலால் ஓடிக் கல் சுமந்தவர் ஒருவர். கருவறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர் வேறொருவர். அங்கே சாவிக்குச் சாஸ்திரம் என்று பெயர். இங்கே பேடண்டு என்று பெயர். இவ்வளவுதான் வித்தியாசம்.

2023-இல் இந்தியா, தென்னாப்பிரிக்கா, உக்ரைன், பிரேசில் ஆகிய நான்கு நாடுகளின் நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும், இந்தத் தனியுரிமையின் பிடியிலிருந்து மருந்தை விடுவிக்க வேண்டுமென்று தத்தம் நாட்டில் சட்டத்தின் மூலம் கிளர்ச்சி தொடங்கினார்கள். வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கதவைத் தட்டுகிறார்கள் என்பதே இதன் பொருள்.

ஆட்சேபணைகள்

இதற்குக் கம்பெனிக்காரரும் அவர்கள் கூட்டாளிகளும் இரண்டு சமாதானம் சொல்லுவார்கள்.

முதலாவது, "ஆராய்ச்சிக்குக் கோடி கோடியாய்ச் செலவாகிறது, பத்து மருந்து தோற்றால் ஒன்றுதான் ஜெயிக்கிறது" என்பது. செலவும் உண்டு, தோல்வியும் உண்டு, கம்பெனியும் சொந்தப் பணத்தைப் பெருந்தொகையாய்ப் போட்டிருக்கிறது. ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் பலன் தெரியாத ஆரம்பத்தில் காசு போட்டவர்கள் ஓடியும் நடந்தும் வசூலித்த ஜனங்கள் அல்லவா? நஷ்டத்தில் பங்கு ஊராருக்கு, லாபத்தில் பங்கு உடையவருக்கு என்பது எந்தக் கணக்கு? கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவனாவது பிள்ளையாருக்கு உடைத்தான். இவர்கள் உடைத்துத் தாங்களே தின்கிறார்கள்.

இரண்டாவது, "தனியுரிமையும் பெருலாபமும் இல்லாவிட்டால் யாரும் மருந்து கண்டுபிடிக்கமாட்டார்கள்" என்பது. இது பொய் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. பிள்ளைகளின் காலை முடக்கிய போலியோ நோய்க்காக 1938 முதல் அமெரிக்க ஜனங்கள் பத்து செண்டுக் காசுகளாய்ப் போட்டு ஒரு நிதி சேர்த்தார்கள். அந்த நிதியால் நடந்த ஆராய்ச்சியில் ஜோனாஸ் சால்க் செய்த தடுப்பு மருந்து பலன் தருகிறதென்று 1955-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு யாரும் பேடண்டு எடுக்கவில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பெற்றோர்கள் ஸ்தாபனம் தொடங்கியதும் அதே 1955-இல்தான். அதே தேசம், அதே வருஷம், அதே ஜனங்களின் சில்லறைக் காசு. ஒன்றின் பலன் உலகத்துக்குப் போயிற்று. மற்றொன்றின் பலனுக்குப் பூட்டு விழுந்தது. ஆகவே குறை விஞ்ஞானத்தில் இல்லை. சாவியை யாரிடம் கொடுத்தோம் என்பதில் இருக்கிறது.

என்ன செய்வது?

ஆனபடியால் ஓடாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. தாராளமாய் ஓடுங்கள். தங்கைக்காக ஓடுவது மொட்டையடிப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் செருப்பின் கயிற்றை இறுக்குவதற்கு முன் சங்கத்தாரைப் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, நான் வசூலித்துத் தரும் ரூபாயில் எத்தனை அணா நோயாளிக்கும் ஆராய்ச்சிக்கும் போகிறது, எத்தனை அணா விளம்பரத்துக்கும் பதக்கத்துக்கும் போகிறது? இரண்டு, இக்காசில் ஒரு மருந்து பிறந்தால் அதன் விலையைத் தீர்மானிப்பதில் எங்களுக்கு என்ன பாத்தியம்? மூன்று, அந்த நிபந்தனை எழுத்தில் இருக்கிறதா, வாயில்தான் இருக்கிறதா? பதில் சொல்ல மறுக்கும் சங்கம் கோயில் உண்டியலுக்குத் தம்பி. அதற்காக ஓடவேண்டாம்.

இன்னொன்று. உறவுக்காரனுக்குக் கால் நன்றாயிருந்தால்தான் நோயாளிக்கு வைத்தியம் என்பது ஒரு நாகரிக சமுதாயத்துக்கு அழகல்ல. ஓடுவதற்கு ஆளில்லாத நோயாளி என்ன செய்வான்? பணக்காரச் சிநேகிதர் இல்லாத கூலிக்காரன் யாரிடம் போய் வசூலிப்பான்? வைத்தியம் தருமம் அல்ல, பாத்தியதை. அதைச் செய்வது சர்க்காரின் கடமை. செய்யவைப்பது ஜனங்களின் கடமை. செய்ய முடியாது என்று சொல்ல நம் சர்க்காருக்கு வாயில்லை. 2012-இல் சிறுநீரக, ஈரல் புற்றுநோய்க்கான ஒரு மருந்தை, மாதம் 2,80,000 ரூபாய்க்கு விற்ற அந்நியக் கம்பெனியின் தனியுரிமையை மீறி, மாதம் 9,000 ரூபாய்க்கும் குறைவாக விற்க வேறொரு கம்பெனிக்கு நம் நாட்டுச் சட்டப்படியே அனுமதி தரப்பட்டது. சட்டம் இருக்கிறது, வழியும் இருக்கிறது. மனம்தான் வரவேண்டும், தட்டாமல் மனம் வராது.

ஆகையால் தோழர்களே! ஓடுகிறவர் ஓடட்டும், ஓட முடியாதவர் கேட்கட்டும். ஓடுகிறவன் வியர்வையும் உப்பு. நோயுள்ள குழந்தையின் வியர்வையும் உப்பு. இந்த இரண்டு உப்பையும் தின்று வளர்ந்தவர்களிடம், "எங்கள் கணக்கை எடு" என்று கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். கேட்கிறவன்தான் மனிதன்.